பாட்டுக்கு அடியில் இருந்த குரல்கள்: 1992ஆம் வருடக் கல்யாண கேசட் ஒன்றை டிவிடிக்கு மாற்றியது

வந்தது மூன்று விசிடி

தூத்துக்குடியிலிருந்து ஓர் அக்கா மூன்று விசிடிகளைக் கொடுத்தனுப்பியிருந்தார். 1992இல் நடந்த அவருடைய கல்யாண வீடியோ. கேசட்டில் இருந்ததை 2000களில் உள்ளூர்க் கடை ஒன்றில் விசிடிக்கு மாற்றி வாங்கியிருக்கிறார்கள். இரண்டாவது விசிடியில், சரியாகத் தாலி கட்டுகிற இடத்தில் கீறல் விழுந்து, படம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிடுகிறது. "மூணையும் சேத்து டிவிடியில போட்டு, அந்த இடத்தை மட்டும் எப்படியாச்சும் சரி பண்ணிக் குடுங்க தம்பி" என்பதுதான் அவர் கேட்டது.

இந்த மாதிரிக் கோரிக்கை அடிக்கடி வரும். விசிடியை டிவிடிக்கு ஏற்றுவது சின்ன வேலை. ஆனால் கேசட் கிடைக்க வாய்ப்பிருக்கும்வரை அதைச் செய்யவே கூடாது என்பது என் கருத்து. காரணம் எளிய கணக்கு. நம் ஊர் டிவி முறையான பால் (PAL) சிஸ்டம் வீடியோவில் ஒரு முழுப் படத்துக்குக் கண்ணில் படும் கோடுகள் 576. வினாடிக்கு 25 முழுப் படங்கள். ஒவ்வொரு முழுப் படமும் ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் ஒரு தடவை என்று இரண்டு அரைப் படங்களாக வரும். ஆக, வினாடிக்கு 50 அரைப் படங்கள். விசிடியின் அளவோ 352க்கு 288. இரண்டு அரைப் படங்களில் ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மிச்சத்தை வினாடிக்கு 1150 கிலோபிட்டுக்குள் அமுக்கியிருப்பார்கள். தவில்காரரின் கை வேகமாகப் போகிற இடமெல்லாம் சதுரம் சதுரமாகத் தெரிவது இதனால்தான். அதை டிவிடியில் ஏற்றினால் தட்டு மட்டும்தான் புதிது.

அதனால் கேசட் எங்கே என்று கேட்டேன். பரணில் கிடக்கிறது, பூஞ்சை பிடித்துவிட்டது, சிடிதான் போட்டாயிற்றே என்று பழைய பேப்பர்காரருக்குப் போட எடுத்து வைத்திருக்கிறோம் என்றார். போட வேண்டாம், எந்த நிலையில் இருந்தாலும் அனுப்புங்கள் என்று சொன்னேன். இந்த ஆய்வே அந்தக் கேசட்டைப் பற்றியதுதான்.

கேசட்டின் நிலை

இ-180 கேசட், அதாவது பால் முறையில் 180 நிமிடம். அட்டை உறையில் மணமக்கள் பெயரும் தேதியும் எழுதிய ஸ்டிக்கர். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால், சுற்றிய டேப்பின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. கடலோர ஊர், காற்றில் எப்போதும் ஈரம், சிமென்ட் பரண். பூஞ்சைக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

டேப்பின் தொடக்கத்தில் சில அடி நீளத்துக்குக் கசங்கல். எப்போதோ டெக்கில், அதாவது கேசட்டை ஓட்டும் விசிஆர் மெஷினில் சிக்கி, கையால் இழுத்து எடுத்திருக்கிறார்கள். நல்லவேளையாகச் செலோடேப் ஒட்டு எதுவும் இல்லை. செலோடேப்பின் பசை நாளாக ஆக இளகி அடுத்த சுற்றிலும் ஒட்டும். ஓடும்போது, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் போய் அப்பிக்கொள்ளும். அறுந்த டேப்போடு வருகிற கேசட்டுகளில் பாதி வேலை அந்தப் பசையோடுதான்.

அக்கா வீட்டில் இந்தக் கேசட்டைப் போட்டுப் பார்த்த டெக், சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. மோனோ டெக், அதாவது சாதாரண ஒலித்தடத்தை மட்டும் படிப்பது. இந்தத் தகவலை வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில்தான் சொன்னார். ஆனால் இந்தக் கேசட்டின் விஷயத்தில் இதைவிட முக்கியமான தகவல் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

தென் மாவட்டங்களில் டெக் என்பது அந்தக் காலத்தில் இப்படித்தான் வந்து சேர்ந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித் தூர்தர்ஷன் கலருக்கு மாறிய பிறகு, வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் திரும்பி வரும்போது ஒரு டெக்கோடு வந்தார்கள். வசதியில்லாதவர்கள் டிவி, டெக், கேசட் எல்லாவற்றையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்தார்கள். கல்யாண வீடியோ என்ற பழக்கமும் அந்தப் பத்தாண்டில்தான் ஊருக்கு ஊர் பரவியது. இன்றைக்கு 50 வயதைத் தாண்டியவர்களின் கல்யாணங்களில் பெரும் பகுதி இருப்பது இந்த அரை அங்குல டேப்பில்தான். அதை ஓட்டுகிற மெஷினை இப்போது உலகத்தில் யாரும் தயாரிப்பதில்லை. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம், டேப்பில் இருப்பதை 2025க்குள் மாற்றிவிட வேண்டும், அதற்குப் பிறகு ஓட்டும் மெஷின்களும் அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் அரிதாகிவிடுவார்கள் என்று எச்சரித்திருந்தது. நாம் இருப்பது அந்தக் கெடுவை ஒட்டிய காலத்தில்.

பூஞ்சையை எடுத்தது

பூஞ்சை பிடித்த கேசட்டை நல்ல டெக்கில் போடவே கூடாது. ஒரு தடவை ஓடினால் போதும், பொடி ஹெட்டிலும் உருளைகளிலும் ஏறிவிடும். அடுத்து அந்த டெக்கில் போடுகிற ஒவ்வொரு கேசட்டுக்கும் ஒட்டும். வீட்டுக்குள் கேசட்டைத் திறப்பதும் நல்லதில்லை. மூச்சில் போகும். மாஸ்க், கையுறை, வெளிக்காற்று மூன்றும் வேண்டும்.

முதல் வேலை காயவைப்பது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு கேசட்டை வைத்து மூடிவிட வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது. ஈரமாக இருக்கிற பூஞ்சையைத் துடைத்தால் அது டேப் முழுக்க இழுபடும். நன்றாகக் காய்ந்த பிறகு தொட்டாலே பொடியாக உதிரும். இந்தக் கட்டத்தில் அவசரப்படுபவர்கள்தான் டேப்பைக் கெடுக்கிறார்கள்.

காய்ந்ததும் கேசட்டைக் கவிழ்த்து, அடியில் இருக்கிற ஐந்து ஸ்குரூவையும் கழற்றினேன். மேல் மூடியை நேராகத் தூக்க வேண்டும். உள்ளே இரண்டு சக்கரங்கள், அவற்றைப் பூட்டி வைக்கிற சின்னப் பற்கள், மெல்லிய ஸ்பிரிங்குகள். அவை தெறித்து விழுந்தால் தேடுவது கஷ்டம். சக்கரங்களின் விளிம்பில் இருந்த பொடியை மென்மையான பிரஷால் தட்டி எடுத்தேன். பிறகு புது இ-180 கேசட் ஒன்றைத் திறந்து அதன் டேப்பை எடுத்துவிட்டு, அந்தச் சுத்தமான கூட்டுக்குள் இந்தச் சக்கரங்களை மாற்றினேன். பழைய கூட்டின் மூலைகளிலெல்லாம் பூஞ்சை இருக்கும். அதைத் துடைத்துக்கொண்டிருப்பதைவிடக் கூட்டையே மாற்றுவது மேல்.

டேப்பின் பரப்பைத் துடைக்க, பழைய ரீவைண்டர் ஒன்றை வைத்திருக்கிறேன். கேசட் கடைகளில் மேசை மேல் இருக்குமே, அதே சாதனம்தான். மூடியை வெட்டி, டேப் போகிற வழியில் இரண்டு பக்கமும் நூல் உதிராத துணித் திண்டு வைத்து, மோட்டருக்குப் போகும் வோல்ட்டேஜைக் குறைத்து மெதுவாக ஓடவிட வேண்டும். துணியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் லேசாக, சொட்டாத அளவுக்கு. முதல் ஓட்டத்தில் துணி சாம்பல் நிறத்துக்கு மாறும். துணியை மாற்றி, திருப்பி ஓட்ட வேண்டும். துணி வெள்ளையாகவே இருக்கிறவரை இது தொடரும். டேப்பின் பழுப்பு நிறம் துணியில் வருகிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது வந்தால் காந்தப் பூச்சே உரிகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்திவிட வேண்டும். இதில் அது வரவில்லை.

சுத்தம் செய்த பிறகும் முதல் ஓட்டம் நல்ல டெக்கில் கிடையாது. கெட்டாலும் பரவாயில்லை என்று ஒதுக்கி வைத்த ஒரு டெக்கில் ஓட்டி, ஹெட் அடைக்கிறதா என்று பார்த்தேன். அடைக்கவில்லை.

இரண்டு ஒலித்தடங்கள்

இங்கேதான் இந்த வேலை வழக்கத்தைவிட்டு விலகியது.

விசிடியில் இருந்தது முழுக்க சினிமாப் பாட்டு. மாப்பிள்ளை அழைப்பிலிருந்து ராத்திரி வரவேற்பு வரைக்கும் அந்தக் காலத்துப் பாடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். நாதஸ்வரம் வாசிப்பவரின் விரல் தெரியும், கேட்பது காதல் பாட்டு. அன்றைக்கு எல்லாக் கல்யாண வீடியோவும் இப்படித்தான் என்பதால் யாருக்கும் இது குறையாகத் தெரியவில்லை.

ஆனால் கேசட்டில் படத்தைப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. மிக்சிங் செய்த அடையாளமே இல்லை. இதய வடிவத்துக்குள் மணமக்கள், ஓரத்திலிருந்து சுழன்று வருகிற போட்டோ, படம் மேல் படம் என்று எதுவும் கிடையாது. கேமராவை நிறுத்தி, திரும்ப ஆரம்பித்த இடங்களில் மட்டும் காட்சி மாறுகிறது. அதாவது கேமராவுக்குள் ஓடிய அதே கேசட்டையே வீடியோக்காரர் வீட்டாருக்குக் கொடுத்திருக்கிறார். அப்படியானால் பாட்டு எப்படி ஏறியது? வேறு கேசட்டுக்கு காப்பி எடுக்காமல், இதே டேப்பில் ஒலியை மட்டும் மாற்றிப் பதிகிற ஆடியோ டப் வசதியால்தான் ஏற்றியிருக்க முடியும்.

இதன் அர்த்தம் புரிய, விஎச்எஸ் என்கிற இந்த வகை வீடியோ கேசட்டின் டேப்பில் ஒலி எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். டேப்பின் அகலம் 12.65 மி.மீ. அதன் கீழ் ஓரத்தில் டிராக்கிங்குக்கான, அதாவது ஹெட் பதிவின் மேல் சரியாகப் போவதற்கான கட்டுப்பாட்டுத் தடம் ஓடுகிறது. மேல் ஓரத்தில் சாதாரண ஒலித்தடம், நீளவாக்கில். நடுவில் சாய்ந்த கோடுகளாகப் படம். படத்தை எழுதுவது சுழலும் உருளையில் இருக்கிற ஹெட்டுகள். பால் முறையில் அந்த உருளை நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும். சாதாரண ஒலித்தடத்தை எழுதுவது அசையாமல் நிற்கிற தனி ஹெட். டேப் அதைக் கடக்கும் வேகம் வினாடிக்கு 23.39 மி.மீ. பாட்டுக் கேட்கிற ஆடியோ கேசட்டின் வேகத்தில் இது பாதிகூட இல்லை. அதனால்தான் பழைய வீடியோக்களில் ஒலி மங்கலாக, போர்வைக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும்.

1980களில் ஹை-ஃபை என்று ஒன்று வந்தது. ஒலிக்கென்று இன்னும் இரண்டு ஹெட்டுகளைச் சுழலும் உருளையிலேயே வைத்து, படம் இருக்கிற அதே பரப்பில், படத்துக்கும் அடியில் காந்தப் பூச்சின் ஆழத்தில் ஒலியைப் பதித்தார்கள். முதலில் ஒலி ஆழமாகப் பதியும், அதன் மேல் படம் மேலோட்டமாகப் பதியும். ஹை-ஃபையில் பதிவாகும்போது மேல் ஓரத்தின் சாதாரணத் தடத்திலும் அதே ஒலி சேர்ந்தே பதிவாகும். ஆக, ஒரே டேப்பில் ஒலிக்கு இரண்டு இடங்கள்.

ஆடியோ டப் செய்தால் மாறுவது மேல் ஓரத் தடம் மட்டும்தான். ஹை-ஃபை ஒலி படத்தோடு ஒட்டியிருப்பதால், படத்தை அழிக்காமல் அதைத் தொட முடியாது. கல்யாணத்தை எடுத்த கேமரா ஹை-ஃபை கேமராவாக இருந்திருந்தால், பாட்டு ஏறிய பிறகும் மண்டபத்தின் உண்மையான சத்தம் அடியில் அப்படியே இருக்கும். மோனோ டெக்கில் போட்டால் அது கேட்கவே கேட்காது. அக்கா வீட்டு டெக் மோனோ. விசிடி போட்ட கடையும் அப்படி ஒரு டெக்கில்தான் ஓட்டியிருக்க வேண்டும்.

ஹை-ஃபை டெக்கில் போட்டேன். முகப்பில் ஹை-ஃபை விளக்கு எரிந்தது. கெட்டிமேளம் கேட்டது.

கேமரா மைக் என்பதால் எல்லாம் கேட்டது. பாத்திரம் உருட்டுகிற சத்தம், குழந்தை அழுகை, "பந்திக்கு இலை போட்டாச்சா" என்று யாரோ கேட்பது. பெண்ணை மணவறைக்கு அழைத்து வருகிற இடத்தில், கேமராவுக்கு மிக அருகிலிருந்து ஓர் ஆண் குரல்: "ஏல, லைட்ட கொஞ்சம் தள்ளிப் பிடி. பிள்ளைக்குக் கண்ணு கூசுதுல்லா." வீடியோ லைட் பிடிக்கிற பையனைச் சொல்கிறார். அந்த ஆலஜன் விளக்குகள் ஆயிரம் வாட். உடனே வெளிச்சம் ஓரமாக நகர்வது படத்திலும் தெரிகிறது. சுருக்கிக்கொண்டிருந்த மணப்பெண்ணின் கண் திறக்கிறது.

அந்தச் சிறு பகுதியை மட்டும் வெட்டி அக்காவுக்கு அனுப்பினேன். யார் குரல் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. அவருடைய அப்பா. விசிடி போடுவதற்கு முன்பே காலமானவர். அவர் குரல் வேறு எதிலும் பதிவாகியிருக்கவில்லை. இந்தக் கேசட்டை எத்தனையோ தடவை குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். அப்பா வாயசைப்பது தெரியும், என்ன பேசுகிறார் என்பது பாட்டுக்குள் போய்விடும்.

எப்போதும் இப்படி அமையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிக்சிங் செய்த கேசட் என்றால் அது காப்பி. காப்பி எடுக்கும்போதே பாட்டுத்தான் இரண்டு தடத்திலும் போயிருக்கும். கேமரா மோனோவாக இருந்தாலும் அடியில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் சோதித்துப் பார்க்க ஆகும் செலவு, ஹை-ஃபை டெக்கில் சில நிமிடம் ஓட்டிப் பார்ப்பது மட்டுமே. கேசட்டை மாற்றிக் கொடுக்கும் எந்தக் கடையானாலும், ஹை-ஃபை டெக் வைத்திருக்கிறீர்களா, இரண்டு தடத்தையும் கேட்டுப் பார்ப்பீர்களா என்று கேட்காமல் கேசட்டைக் கொடுக்காதீர்கள். படத்தின் தரத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பவர்கள்கூட இதைக் கேட்பதில்லை.

பிடித்த விதம்

ஹை-ஃபை ஒலி டிராக்கிங்கை நம்பியிருக்கிறது. டிராக்கிங் கொஞ்சம் விலகினாலும் ஒரு உறுமல் சேரும். இன்னும் விலகினால் சிக்னல் விட்டுப்போகும். அப்போது டெக் தானாகவே சாதாரணத் தடத்துக்குத் தாவிவிடும். நல்ல நோக்கத்தோடு செய்த ஏற்பாடுதான். ஆனால் இந்தக் கேசட்டில் அதன் விளைவு: ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார், திடீரென்று ஒரு வினாடி சினிமாப் பாட்டு வெடிக்கிறது, மறுபடி மந்திரம். தானியங்கி டிராக்கிங்கை அணைத்துவிட்டுக் கையால் நகர்த்தி, உறுமல் மிகக் குறைவாக இருக்கும் நிலையைக் காதால் கண்டுபிடித்து வைத்தேன். படம் மிகச் சுத்தமாக இருக்கும் இடமும் ஒலி மிகச் சுத்தமாக இருக்கும் இடமும் ஒன்றாக அமையவில்லை. குரல்தான் முக்கியம் என்பதால் ஒலிக்குச் சாதகமாக வைத்தேன். அப்படியும் தாவிய இடங்களுக்கு இன்னொரு டெக்கில் ஓட்டிப் பார்த்ததில் பெரும்பாலானவை கிடைத்துவிட்டன. ஒவ்வொரு டெக்கின் ஹெட் அமைவும் கொஞ்சம் வேறுபடும். ஒன்றில் விட்டுப்போவது மற்றொன்றில் கிடைப்பது சகஜம்.

மேல் ஓரத்தில்தான் கசங்கலும் பூஞ்சைச் சேதமும் அதிகம். பாட்டுத் தடம் அங்கங்கே தள்ளாடுகிறது. ஆழத்தில் இருந்த ஒலியை அது தொடவில்லை.

இரண்டு ஒலியையும் தனித்தனியாக எடுக்க, கேசட்டை ஒரு தடவை ஹை-ஃபையிலும் ஒரு தடவை சாதாரணத் தடத்திலும் ஓட்டிக் கம்ப்யூட்டரில் பிடிக்க வேண்டும். டெக்கில் இரண்டையும் கலந்து தருகிற நிலை ஒன்று உண்டு. அதைத் தொடவே கூடாது, கலந்தபின் பிரிக்க வழியில்லை. ஹை-ஃபையை முதலில் பிடித்தேன். பழுதான டேப் எந்த ஓட்டத்தில் கைவிடும் என்று சொல்ல முடியாது, அதனால் போனால் திரும்பாதது முதலில். இரண்டாவது பிடிப்பின் ஒலியை, அதன் படத்தை முதல் பிடிப்பின் படத்தோடு ஃபிரேமுக்கு ஃபிரேம் பொருத்திப் பார்த்துச் சேர்த்தேன்.

படத்துக்கு எஸ்-விஎச்எஸ் என்கிற உயர்தர டெக்கின் எஸ்-வீடியோ வெளியீடு (வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகத் தருவது), நடுவில் ஒரு டைம் பேஸ் கரெக்டர். பழைய டேப்பில் ஒவ்வொரு கோடும் துளி முன்பின்னாகத் தொடங்கும். மண்டபத்துத் தூண்கள் நெளிவது அதனால்தான். கரெக்டர் கோடுகளை வரிசைப்படுத்திய பிறகே கம்ப்யூட்டருக்குள் விட வேண்டும். உள்ளே போனபின் அந்த நெளிவைச் சரிசெய்வது அநேகமாக நடக்காது. கடையில் மலிவாகக் கிடைக்கும் யுஎஸ்பி குச்சியை நேரடியாக டெக்கில் செருகிப் பிடிப்பவர்களுக்கு, கடைசி அரை மணியில் வாயசைவும் குரலும் விலகிப்போகிற தொந்தரவு அடிக்கடி வரும். டேப் தடுமாறும் இடங்களில் அந்தக் குச்சி ஃபிரேம்களைத் தவறவிடும், ஒலி மட்டும் தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும்.

பிடித்தது 720க்கு 576, இழப்பில்லாத எஃப்எஃப்வி1 வடிவம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். மணிக்குச் சுமார் 30 ஜிபி ஆகும். மூன்று மணி நேரக் கல்யாணத்துக்கு இவ்வளவு பெரிய ஃபைலா என்று வீட்டார் கேட்பார்கள். இதுதான் இனி மூலம், டிஸ்க், பென்டிரைவ் எல்லாம் இதிலிருந்து எடுக்கிற காப்பிகள் என்று விளக்குவேன்.

மூலத்தில் நான் எதையும் திருத்துவதில்லை. நிறம் மங்கலாக இருந்தால் மங்கலாகவே இருக்கட்டும். காப்பியில் சரிசெய்துகொள்ளலாம். இப்போது ஏஐ வைத்து முகங்களைத் தெளிவாக்கித் தரச் சொல்லி நிறையப் பேர் கேட்கிறார்கள். விஎச்எஸ்ஸின் கிடைமட்டத் தெளிவு 240 கோடுகளைச் சுற்றித்தான். கூட்டத்தில் தூரத்தில் நிற்கிறவரின் முகம் அதில் சில புள்ளிகள். அதிலிருந்து மூக்கும் முழியும் வரைந்தால், அந்த முகம் அந்தப் பெரியப்பாவுடையதாக இருக்காது. குடும்ப வீடியோவில் இதைச் செய்ய எனக்கு மனம் ஒப்புவதில்லை.

டிஸ்க்கில் போட்டது

டிவிடிக்கு இப்போது மவுசு போய்விட்டது. புது லேப்டாப்களில் டிரைவே கிடையாது. ஆனாலும் இந்தக் குடும்பத்துக்கு டிவிடி மிகச் சரியாகப் பொருந்தியதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு டிவிடியில் எட்டு ஒலித்தடங்கள் வரை வைக்கலாம். ரிமோட்டில் ஆடியோ பட்டனை அமுக்கினால் அடுத்த தடத்துக்கு மாறும்.

இது ஏன் தேவைப்பட்டது என்றால், அக்காவின் அம்மாவுக்குப் பாட்டுத்தான் வேண்டும். அப்பா குரல் கிடைத்த செய்தி கேட்டு அழுதவர்தான் அவரும். ஆனால் வீடியோவைப் பார்க்கும்போது அந்தந்த இடத்தில் அந்தந்தப் பாட்டு வர வேண்டும் என்றார். மாலை மாற்றும்போது ஒரு பாட்டு, பந்தியில் ஒரு பாட்டு என்று இத்தனை வருடமாக மனத்தில் பதிந்திருக்கிறது. பேரன் பேத்திகளும் அப்படிப் பார்த்தே வளர்ந்தவர்கள். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். மண்டபத்துச் சத்தம் கிடைத்துவிட்டது என்பதற்காகப் பாட்டுத் தடத்தைக் கழித்துக் கட்டினால், அந்த வீட்டில் இத்தனை காலம் ஓடிய வீடியோவும் காணாமல் போயிருக்கும்.

எனவே இரண்டையும் வைத்தோம். மூன்று மணி நேரத்தையும் ஒரே 4.7 ஜிபி டிஸ்க்கில் அடைத்தால் படத்துக்கு வினாடிக்குச் சுமார் 3 மெகாபிட்தான் கிடைக்கும். விஎச்எஸ் படத்தில் எங்கும் பரவியிருக்கிற நுண்ணிய சலனத்துக்கு அது போதாது, விசிடியில் பார்த்த அதே கட்டங்கள் திரும்ப வந்துவிடும். முகூர்த்தமும் பந்தியும் முடிகிற இடத்தில் பிரித்து இரண்டு டிஸ்க்காக்கி, படத்துக்கு 6 மெகாபிட்டும், ஒலித்தடம் ஒவ்வொன்றுக்கும் 192 கிலோபிட்டும் கொடுத்தேன். டிவிடியே அரைப் படங்களை அப்படியே தாங்கும் என்பதால் அவற்றைச் சேர்க்கவில்லை. டிவிக்கான பென்டிரைவ் காப்பியில் மட்டும் அரைப் படங்களை வினாடிக்கு 50 முழுப் படங்களாக விரித்தேன். வழக்கமாகச் செய்வது போல் 25 ஆக்கியிருந்தால் தவில் வாசிப்பு பாதி அசைவை இழந்திருக்கும். தவில் குச்சியின் வேகத்தை 50இல் பார்த்துவிட்டு 25இல் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

படத்தின் அளவு 4க்கு 3. அகல டிவியில் இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கும். திரை நிறைய இழுத்துத் தரும்படி மருமகன் கேட்டார். இழுத்தால் எல்லோரும் குள்ளமாக, பருமனாகத் தெரிவார்கள் என்று இரண்டையும் போட்டுக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்.

எரிப்பதை 16 மடங்கு வேகத்தில் செய்யாமல் 8இல் செய்து, முடிந்ததும் முழுவதும் படித்துச் சரிபார்த்தேன். சாதாரண டிவிடி-ஆரில் தகவல் இருப்பது இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே உள்ள சாயப் படலத்தில். வெயிலும் ஈரமும் அதற்கு எதிரி. அதன் மேல் தாள் ஸ்டிக்கர் ஒட்டுவது கூடவே கூடாது. பசை இறுகும்போது தட்டு வளையும், சுழலும்போது ஆட்டம் கொடுக்கும். டிஸ்க்குக்கென்று விற்கும் பேனாவால் நடுவளையத்தில் மட்டும் எழுதினேன். பத்திரப்படுத்த ஒரு செட்டை எம்-டிஸ்க்கில் போட்டேன். அதில் சாயத்துக்குப் பதிலாகக் கனிமப் படலம், ஆயுள் அதிகம். விலையும் அதிகம் என்பதால் ஒரு செட் போதும்.

எந்த ஒலி முதலில் வர வேண்டும் என்பதில்தான் கடைசிவரை பேச்சு நடந்தது. பிளேயரில் டிஸ்க்கைப் போட்டதும் தானாக ஓடுவது முதல் தடம். அம்மாவுக்கு ரிமோட்டில் பட்டன் தேடப் பொறுமை கிடையாது. அதனால் அம்மா வீட்டுக்கான டிஸ்க்கில் பாட்டு முதல் தடம், மற்ற எல்லா டிஸ்க்கிலும் மண்டபத்துச் சத்தம் முதல் தடம் என்று இரண்டு விதமாகச் செய்து கொடுத்தேன்.

மிச்சம் இருப்பவை

சில இடங்களில் ஹை-ஃபை ஒலி எந்த டெக்கிலும் கிடைக்கவில்லை. தொடக்கத்தில் கசங்கிய பகுதியில் வாசலில் வரவேற்கும் காட்சி, அப்புறம் வரவேற்பில் ஓரிரு துண்டுகள். மூல ஃபைலில் அவற்றை அமைதியாகவே விட்டு, எந்த நிமிடம் எந்த வினாடி என்று ஒரு தாளில் குறித்து வைத்தேன். பின்னால் இதைவிட நல்ல டெக்கோடு யாராவது முயன்றால் அங்கிருந்து ஆரம்பிக்கலாம். இப்போது டேப்பிலிருந்து ஹெட் படிக்கும் மூல சிக்னலையே நேரடியாகப் பதிந்து, மென்பொருளால் படத்தையும் ஹை-ஃபை ஒலியையும் பிரித்தெடுக்கும் முறையை ஆர்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். இந்தத் துண்டுகளுக்கு அது உதவக்கூடும்.

அதற்குக் கேசட் இருக்க வேண்டும். மாற்றியாயிற்று என்று தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்லித்தான் திருப்பிக் கொடுத்தேன். டேப்பை முதலுக்குச் சுற்றி, புத்தகம் மாதிரி நிமிர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில், டப்பா பீரோவில். பரண் வேண்டாம்.

அக்காவின் தங்கை தன் கல்யாண கேசட்டையும் இப்போது அனுப்பியிருக்கிறார். 1996. ஹை-ஃபை விளக்கு எரிகிறது, ஆனால் இரண்டு தடத்திலும் பாட்டுத்தான். ஓரத்திலிருந்து சுழன்று வரும் போட்டோக்களோடு முழு மிக்சிங் செய்த காப்பி. மாஸ்டர் கேசட்டை வீடியோக்காரர்கள் பெரும்பாலும் அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் பயன்படுத்திவிடுவார்கள். ஆனாலும் அந்த வீடியோக்காரர் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார், பழைய கேசட்டுகள் ஒரு மூட்டை அவரிடம் இருக்கிறதாம். தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.